அமைதியான இயல்புடையோரும் நேர்முகத் தேர்வும்

வேலைக்கான விண்ணப்பம் ஏற்கப்பட்டு, நேர்முகத் தேர்வுக்கு வருமாறு மின்னஞ்சல் கிடைப்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆயினும் அதனைக் கண்டதும் அன்றைய உறக்கத்தை இழப்போரும் உளர். இவர்கள் வேலைக்கு அஞ்சுவோர் அல்லர். ஒப்படைத்த பணியை எவரும் நினைவூட்டாமலே முடிப்பவர்கள். கணக்கில் 10 பென்ஸ் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுபவர்கள். அறிமுகமற்ற மூவர் முன்னிலையில் அமர்ந்து, அரை மணி நேரம் தம்மைப் பற்றித் தாமே பேச வேண்டும் என்பதுதான் இவர்களை மலைக்க வைக்கிறது. கேள்விக்குரிய சரியான பதில், வீடு திரும்பும் பேருந்தில் அமர்ந்த பின்னரே நினைவுக்கு வரும். சில நாட்களில் மறுப்புக் கடிதமும் வந்து சேரும்.

இவ்வாறு இழக்கப்படுவது ஒரு வேலை மட்டுமன்று. இரவு நேரப் பணியிலிருந்து பகல் நேரப் பணிக்கு மாற எண்ணிய தாயும், ஊரில் கற்ற கல்விக்கேற்ற வேலையைப் பல ஆண்டுகளாகத் தேடும் தந்தையும் "எனக்கு இன்ரவியூ சரிவராது" என்ற முடிவுக்கு வந்து, அதன்பின் விண்ணப்பிப்பதையே நிறுத்திவிடக் கூடும். இந்நாட்டில் நேர்முகத் தேர்வு எவ்வாறு நடத்தப்படுகிறது, மதிப்பெண் எதற்கு வழங்கப்படுகிறது என்பவற்றைச் சரியாக அறிந்தால், அம்முடிவு தேவையற்றது என்பது விளங்கும்.

மனிதரை அகமுக இயல்பினர், புறமுக இயல்பினர் எனப் பிரித்து நோக்கும் முறையை 1921 ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலொன்றின் மூலம் பரவலாக்கியவர் சுவிற்சர்லாந்து உளமருத்துவர் கார்ல் யுங். எவரும் முழுமையாக ஒரு பக்கத்தவர் அல்லர் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அகமுக இயல்பு நோயன்று. அது கூச்சமும் அன்று, இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கக் கூடுமாயினும். பிறர் என்ன நினைப்பரோ என்னும் அச்சமே கூச்சம். அது பழகப் பழகக் குறையும். அகமுக இயல்புடையவர் சிந்தித்த பின்னரே பேசுபவர். பலருடன் நெடுநேரம் உரையாடினால் களைப்படைபவர். அவருக்குத் தேவைப்படுவது துணிவு அன்று, சிந்திக்கும் நேரம். அந்த நேரம் தேர்வறைக்குள் கிடைப்பது அரிது. எனவே சிந்திக்கும் வேலையைத் தேர்வறைக்கு வெளியே, முன்கூட்டியே முடித்துக்கொள்வதுதான் அவருக்குரிய வழி.

மதிப்பெண் எதற்கு வழங்கப்படுகிறது

இலங்கையிலோ இந்தியாவிலோ நேர்முகப் பரீட்சைக்குச் சென்று வந்தவர்களிடம் ஒரு பழக்கம் படிந்திருக்கும். சான்றிதழ்களைக் கோவையில் அடுக்கி எடுத்துச் செல்வர். மேசைக்கு அப்பால் இருக்கும் அதிகாரி அவற்றைப் புரட்டிப் பார்ப்பார். கேட்டதற்கு மட்டும் சுருக்கமாக விடை கூறுவதே மரியாதை எனக் கருதப்படும். தன் பெருமையைத் தானே எடுத்துரைப்பது சுயபுராணம் என்றும், நிறைகுடம் தளும்பாது என்றும் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் இவர்கள். அப்பண்பு குறைகூறத் தக்கதன்று. ஆனால் இலண்டனில் ஓர் உள்ளூராட்சி மன்றமோ, பாடசாலையோ, என்.எச்.எஸ். மருத்துவமனையோ நடத்தும் தேர்வில் அது தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

இங்கே ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு ஆவணங்கள் வெளியிடப்படும். ஒன்று பணி விபரம். மற்றையது, அப்பணிக்கு வருபவரிடம் இருக்க வேண்டிய தகைமைகளின் பட்டியல். 'பேர்சன் ஸ்பெசிபிகேஷன்' என்று வழங்கப்படுவது. அதிலே இன்றியமையாதவை, விரும்பத்தக்கவை என இரு பிரிவுகள் இருக்கும். தேர்வுக் குழுவினர் இந்தப் பட்டியலிலிருந்தே கேள்விகளை அமைக்கின்றனர். எல்லா விண்ணப்பதாரரிடமும் அதே கேள்விகள் கேட்கப்படும். ஒவ்வோர் உறுப்பினரும் தம் தாளில் குறிப்பெடுத்து, ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுவர். எடுத்துக்காட்டாக, மத்திய அரசுச் சேவைத் தேர்வுகளில் அந்த அளவுகோல் 1 முதல் 7 வரையானது. அதில் 4 என்பது ஏற்கத்தக்க நிலையைக் குறிக்கும்.

இம்முறையின் விளைவு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். குழுவினர் ஊகித்துக்கொள்வதற்கு மதிப்பெண் இல்லை. விண்ணப்பதாரர் 12 ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவர் என்பது விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருக்கலாம். ஆயினும் வாடிக்கையாளரின் முறைப்பாட்டை எவ்வாறு கையாண்டார் என்ற கேள்விக்கு அவர் வாய்திறந்து கூறியது மட்டுமே அந்தத் தாளில் பதிவாகும். 'இவருக்குத் தெரிந்திருக்கும்' என்று நினைக்கும் நல்ல மனம் கொண்ட உறுப்பினரும் அதை எண்ணாக மாற்ற இயலாது.

அதே வேளையில், கலகலப்பாகப் பேசி அறையையே சிரிக்க வைப்பவருக்கும் அதற்கென மதிப்பெண் கிடையாது. தாளில் எழுதத்தக்க சான்று எதுவும் அவரது பேச்சில் இல்லையெனில் அவரும் குறைந்த எண்ணையே பெறுவார். அகமுக இயல்புடையோர் பலர் அறியாத உண்மை இது: கேள்விகள் எந்தப் பட்டியலிலிருந்து வரும் என்பது முன்னரே வெளியிடப்பட்டுவிட்ட தேர்வு, நாவன்மை உடையவரைவிட ஆயத்தம் உடையவருக்கே அதிகம் பொருந்துவது. சிறு கடைகளும் சில தனியார் நிறுவனங்களும் இத்தகைய ஒழுங்கின்றி, உரையாடல் போலத் தேர்வை நடத்துவதுண்டு. அங்கும் கீழ்க்காணும் ஆயத்தம் வீண்போகாது.

ஐந்தாறு நிகழ்ச்சிகள்

பெரும்பாலான கேள்விகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. "நீங்கள் ஒரு சிக்கலைத் தீர்த்த சந்தர்ப்பம் ஒன்றைக் கூறுங்கள்" என்ற வகையில் அவை அமையும். பொதுவான கருத்தை அவை கேட்பதில்லை. நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேட்கின்றன. இதற்கு விடையளிக்கும் ஒழுங்கை 'ஸ்டார்' முறை என்பர். சூழல் என்ன, விண்ணப்பதாரரின் பொறுப்பு என்ன, அவர் செய்தது என்ன, அதனால் விளைந்தது என்ன என்ற நான்கு பகுதிகளைக் கொண்டது அது. முதலிரண்டையும் இரண்டொரு வாக்கியங்களில் முடித்துவிடலாம். நேரத்தின் பெரும்பகுதி மூன்றாவதற்கே உரியது. மதிப்பெண்ணும் அங்கேயே குவிந்திருக்கிறது.

எடுத்துக்காட்டாக, ஊரில் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதிய அனுபவமும், இங்கே பல்பொருள் அங்காடியில் இரவு நேரத்தில் பொருள் அடுக்கும் அனுபவமும் உடைய ஒரு பெண், பாடசாலை அலுவலக உதவியாளர் பணிக்கு விண்ணப்பித்திருப்பதாகக் கொள்ளலாம். பல வேலைகள் ஒரே நேரத்தில் வந்து நெருக்கியபோது என்ன செய்தார் என்று அவரிடம் கேட்கப்படுகிறது. அவர் கூறும் பதில்: "எங்கள் கடையில் அது அடிக்கடி நடக்கும். நாங்கள் எல்லோரும் சேர்ந்து சமாளித்துவிடுவோம்."

இது பொய்யற்ற பதில், பணிவான பதில். மதிப்பெண் தாளில் எழுதுவதற்கோ இதில் ஒன்றுமில்லை. எந்த நாள், என்ன நெருக்கடி, அவர் என்ன முடிவெடுத்தார் என்பவை எவற்றையும் குழுவினர் அறியவில்லை. அதே பெண் முன்கூட்டியே சிந்தித்து வைத்திருந்தால் பதில் வேறு வகையில் அமையும்:

"கிறிஸ்மஸ் வாரத்தில் ஓர் இரவு, இரண்டு லொறிகள் ஒரே நேரத்தில் வந்தன. ஐந்து பேர் செய்ய வேண்டிய வேலைக்கு மூவரே இருந்தோம். குளிர்ப் பொருட்கள் என் பொறுப்பு. எல்லாவற்றையும் விடியுமுன் அடுக்க முடியாது என்பதை முதலிலேயே கணக்கிட்டேன். பால், இறைச்சி போன்ற கெட்டுப்போகக் கூடியவற்றை முதலில் எடுப்பது என்று முடிவு செய்தேன். காசுப் பகுதியில் இருந்த ஒருவரை ஒரு மணி நேரம் தருமாறு முகாமையாளரிடம் கேட்டேன். எஞ்சியவற்றை எந்த வண்டியில் எது இருக்கிறது என்று பட்டியலிட்டு, காலைக் குழுவினருக்காக வைத்துச் சென்றேன். கடை திறக்கும்போது குளிர்ப்பகுதி நிறைந்திருந்தது; எந்தப் பொருளும் வீணாகவில்லை. அந்தப் பட்டியல் முறையை அதன்பின் முகாமையாளர் வழக்கமாக்கினார்."

இவ்விரண்டாவது பதிலில் தற்புகழ்ச்சி என்று சொல்லத்தக்க சொல் ஒன்றுகூட இல்லை. "நான் திறமைசாலி", "நான் கடின உழைப்பாளி" என்பன போன்ற வாக்கியங்கள் எங்கும் வரவில்லை. நடந்தது நடந்தவாறு கூறப்பட்டிருக்கிறது, அவ்வளவே. தன்னைப் புகழத் தயங்குபவர் புகழ வேண்டியதே இல்லை. சாட்சி சொல்பவரைப் போல விபரங்களைக் கூறினால் போதும்.

மாறியிருப்பது 'நாங்கள்' என்ற சொல். தமிழில் ஒருவரே செய்த வேலையையும் 'நாங்கள் செய்தோம்' என்று கூறுவது இயல்பான பணிவு. ஆங்கிலத்திலும் அப்பழக்கம் தொடர்ந்துவரும். குழுவினரோ, இவர் செய்தது எது, உடனிருந்தோர் செய்தது எது என்று பிரித்தறிய இயலாமல், மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவர். கூட்டாகச் செய்ததைக் கூட்டாகவே கூறுவது நேர்மை. தாம் செய்ததை 'நான்' என்று கூறுவதும் அதே நேர்மைதான்.

நிகழ்ச்சிகளைத் தேடிப்பிடிப்பதுதான் உண்மையில் கடினமான பகுதி. அமைதியானவர்கள் தாம் செய்தவற்றைச் சாதனையாக நினைவில் வைத்திருப்பதில்லை. "அது என் வேலை, செய்தேன்" என்று கடந்துவிடுகின்றனர். எனவே உடன் பணியாற்றியவரிடமோ, வளர்ந்த பிள்ளைகளிடமோ கேட்பது நல்லது. தகைமைப் பட்டியலில் இன்றியமையாதவை எனக் குறிப்பிடப்பட்டுள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நிகழ்ச்சியை எழுத முயலலாம். நன்கு அமைந்த ஒரு நிகழ்ச்சி இரண்டு மூன்று கேள்விகளுக்கு விடையாகும் என்பதால், ஐந்து அல்லது ஆறு போதுமானவை. அவை இந்நாட்டில், ஊதியம் பெற்ற வேலையில் நடந்தவையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஊரில் ஆசிரியராக இருந்தபோது நடந்தது, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பெற்றோரின் முறைப்பாட்டைத் தீர்த்தது, கோயில் அன்னதானத்துக்குப் பொருள் வாங்கிக் கணக்கு ஒப்படைத்தது, நோயுற்ற மாமியாரின் மருந்துகளையும் மருத்துவச் சந்திப்புகளையும் ஒழுங்குபடுத்தியது ஆகியவையும் சான்றுகளே. பெரும்பாலான தமிழ் விண்ணப்பதாரர் இவற்றைக் கூறாமலே வந்துவிடுகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

வாய்விட்டுப் பழகுதல்

அகமுக இயல்புடையோர் மனத்துக்குள்ளேயே ஒத்திகை பார்ப்பதில் வல்லவர்கள். அதனாலேயே அவர்களுக்கு ஒரு ஏமாற்றம் நேர்கிறது. மனத்துக்குள் தெளிவாக ஓடிய பதில், வாய்க்கு வரும்போது தடுமாறுகிறது. எழுதிப் பார்ப்பதும் படித்துப் பார்ப்பதும் போதா; ஒலியாக வெளிவர வேண்டும்.

முதலில் தமிழில் கூறிப் பார்ப்பது பயனுள்ள வழி. எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்ற ஒழுங்கு தாய்மொழியில் விரைவாகப் பிடிபடும். ஒழுங்கு பிடிபட்ட பின் ஆங்கிலத்தில் கூற வேண்டும். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து கேட்டால், பதில் ஏறக்குறைய இரண்டு நிமிடங்களுக்குள் அடங்குகிறதா, செயற்பகுதி போதிய அளவு இருக்கிறதா என்பது தெரியும். தம் குரலைத் தாமே கேட்பது முதல் நாளில் எவருக்கும் பிடிப்பதில்லை. மூன்றாம் நாளில் அது பழகிவிடும்.

சொல்லுக்குச் சொல் மனனம் செய்வது ஆபத்தானது. ஒரு சொல் மறந்தாலும் முழுப் பதிலும் சரிந்துவிடும். கேள்வி சற்று வேறுபட்டு வந்தாலும் பொருந்தாமற் போகும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நான்கைந்து சொற்களை மட்டும் சிறு அட்டையில் எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூறிப் பழகுவதே உறுதியானது. வீட்டில் துணையாக இருப்பவர் இடைமறித்துத் திருத்துபவராக இல்லாமலிருப்பது நலம். ஒத்திகைக்கு நடுவே "இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று கூறும் உறவினரைவிட, பேசாமல் கேட்கும் சுவர் மேலானது.

உச்சரிப்பைப் பற்றிய கவலை பலரை அடக்கிவைக்கிறது. பொதுத்துறையில் மக்களுடன் நேரடியாகப் பேசும் பணியாளர் தம் பணிக்குத் தேவையான அளவு சரளமாக ஆங்கிலம் பேச வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் கூறுகிறது. ஆனால் அச்சட்டத்துக்கான நடைமுறைக் கோவை, சரளம் என்பது உச்சரிப்புச் சாயலைக் குறிப்பதன்று எனத் தெளிவுபடுத்தியுள்ளது. தமிழ்ச் சாயலுடன் பேசுவது குறையன்று. விரைந்து பேசிச் சொற்களை விழுங்குவதே குறை; பதற்றத்தில் எல்லோரும் அதைச் செய்கின்றனர்.

ஒத்திகைக்கு உதவ வெளியாரும் உளர். இங்கிலாந்தில் தேசியத் தொழில் வழிகாட்டற் சேவையான 'நாஷனல் கரியர்ஸ் சேர்விஸ்' தொலைபேசி மூலமும் நேரிலும் இலவச ஆலோசனை வழங்குகிறது. யுனிவர்சல் கிரெடிட் பெறுவோர் ஜொப் சென்ரரில் உள்ள தமது ஆலோசகரிடம் உதவி கேட்கலாம். பயணச் செலவுக்கும் தேர்வுக்குரிய உடைக்கும்கூட அவர் தம் தற்றுணிபின்படி நிதியுதவி ஒழுங்கு செய்யக் கூடும். அது தாமாக வழங்கப்படுவதன்று, கேட்க வேண்டும்.

முன்கூட்டியே கேட்கத் தக்கவை

அழைப்பு மின்னஞ்சலுக்கு "நன்றி, வருகிறேன்" என்று மட்டும் பதில் எழுதுவது வழக்கம். அதே மின்னஞ்சலில் குழுவில் எத்தனை பேர் இருப்பர், எவ்வளவு நேரம் நடைபெறும், எழுத்துத் தேர்வோ குழுப் பணியோ உண்டா, குறிப்புகளைக் கொண்டு வரலாமா என்று கேட்பதில் தவறில்லை. கேள்விகளை முன்கூட்டியே தர இயலுமா என்றும் கேட்கலாம். முந்திய நாளிலோ, தேர்வுக்குச் சற்று முன்னரோ கேள்விகளை எல்லா விண்ணப்பதாரருக்கும் வழங்கும் வேலைவழங்குநர் உளர். மறுக்கப்பட்டால் இழப்பு எதுவுமில்லை. தேர்வறையில் பேசத் தயங்குபவர் எழுத்தில் தெளிவாகக் கேட்பவராக இருப்பது பெரும்பாலும் உண்மை. அந்த வலிமையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சட்டம் பற்றி ஒரு தெளிவு தேவை. அகமுக இயல்பு மட்டுமே சமத்துவச் சட்டத்தின் கீழ் இயலாமை ஆகாது. ஆனால் ஆட்டிசம், திக்குவாய், கடுமையான சமூகப் பதற்றம் போன்றவை, அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதித்து, 12 மாதங்களோ அதற்கு மேலோ நீடிப்பவையாயின், 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பொருந்தக் கூடும். அப்போது தேர்வுமுறையில் நியாயமான மாற்றங்களைச் செய்வது வேலைவழங்குநரின் கடமை: கூடுதல் நேரம், எழுத்தில் கேள்விகள், அமைதியான அறை என்பன போன்றவை. வேலை வழங்க முன்வருவதற்கு முன்னர் உடல்நலம் பற்றி விசாரிப்பதை அதே சட்டம் பெருமளவு கட்டுப்படுத்துகிறது. தேர்வுக்கு மாற்றங்கள் ஏதும் தேவையா என்று கேட்கலாம். தமிழ்க் குடும்பங்களில் இவற்றை வெளியே சொல்வதற்குத் தயக்கம் மிகுதி. சொல்வதும் சொல்லாதிருப்பதும் அவரவர் உரிமை. எனினும் வேலைவழங்குநர் அறியாத, அறிந்திருக்க வாய்ப்பில்லாத தேவைக்கு அக்கடமை எழுவதில்லை.

தேர்வு நாளில்

காலையிலும் மாலையிலும் நேரங்கள் தரப்பட்டால், மனம் தெளிவாக இருக்கும் வேளையைத் தெரிவு செய்வது நன்று. அரை மணி நேரம் முன்னதாகச் சென்று, அருகிலுள்ள பூங்காவிலோ நூலகத்திலோ தனியே அமர்ந்திருந்துவிட்டு, பத்து நிமிடம் இருக்கையில் உள்ளே செல்லலாம். வரவேற்பறையில் இருந்து தேர்வறை வரை நடக்கும் நேரத்தில் பயணத்தைப் பற்றியோ வானிலையைப் பற்றியோ கேட்பர். அகமுக இயல்புடையோருக்கு அந்த ஒரு நிமிடமே பெரிய சோதனை. அதற்கும் இரண்டு வாக்கியங்களை ஆயத்தமாக வைத்திருப்பதில் வெட்கமில்லை. வேலை செய்யும் உரிமைக்கான ஆதாரம் கேட்கப்பட்டிருந்தால், கடவுச்சீட்டையோ இணையவழி விசா உடையோர் 'ஷெயார் கோட்' எண்ணையோ முதல் நாளே எடுத்து வைப்பது பதற்றத்தைக் குறைக்கும்.

மூத்தோர் முன் பார்வையைத் தாழ்த்துவது ஊரில் மரியாதை. இங்கே அது அக்கறையின்மையாகக் கொள்ளப்படக் கூடும். கண்ணுக்குக் கண் நோக்குவது கடினமெனில், பேசுபவரின் புருவங்களுக்கு இடையே நோக்கலாம். கேள்வி கேட்டவரைப் பார்த்துப் பதிலைத் தொடங்கினால் போதும்.

கேள்வி வந்ததும் உடனே பேசத் தொடங்க வேண்டியதில்லை. "சிறிது யோசித்துக் கூறலாமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு மௌனமாக இருப்பது ஏற்கப்பட்ட வழக்கமே. கேள்வி விளங்காவிடில் மீண்டும் கூறுமாறு கேட்கலாம். பதில் முடிந்த பின் அறையில் நிலவும் அமைதி பலரைக் கலங்க வைக்கும். குழுவினர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருப்பர். முகத்தில் சலனம் இராது. அது அதிருப்தி அன்று. மதிப்பெண் தாளை நிரப்புகின்றனர். அந்த அமைதியை நிரப்புவதற்காகத் தேவையற்றதைப் பேசி, நல்ல பதிலைக் கெடுத்துக்கொள்வோர் பெரும்பாலும் புறமுக இயல்பினரே.

பேருந்தில் நினைவுக்கு வரும் பதிலுக்கும் ஒரு வழி உண்டு. இறுதியில், வேறு ஏதேனும் கூற விரும்புகிறாரா என்று குழுவினர் கேட்பது வழக்கம். அவ்வேளையில், "இரண்டாவது கேள்விக்கு இன்னொன்றைச் சேர்க்க விரும்புகிறேன்" என்று கூறலாம். அவர்கள் தாளைப் பின்னோக்கிப் புரட்டி எழுதிக்கொள்வர். ஒவ்வொரு கேள்வியின்போதும் ஒரு சொல்லைக் குறித்து வைத்திருந்தால் இது எளிதாகும்.

குறைபாடு என்ன என்ற கேள்விக்கு, "நான் அதிகம் பேசமாட்டேன்" என்று விடையளித்து நிறுத்துவது தன்னைத் தானே தோற்கடிப்பது. "கூட்டங்களில் உடனடியாகக் கருத்துக் கூற எனக்குச் சிறிது நேரம் தேவைப்படும், ஆகையால் நிகழ்ச்சி நிரலை முன்னரே படித்து, கூற வேண்டியதைக் குறித்துக்கொண்டு செல்வேன்" என்பது அதே உண்மையின் முழு வடிவம். குழுப் பணி இருந்தால், தொடக்கத்திலேயே ஒருமுறை பேசிவிடுவது உதவும். காத்திருக்கக் காத்திருக்க வாய் திறப்பது கடினமாகிறது. பிறர் கூறியவற்றைத் தொகுத்துச் சொல்வதும் பங்களிப்பாகவே கணிக்கப்படும்.

முன்பதிவுக் காணொளித் தேர்வு இப்போது சில நிறுவனங்களில் உண்டு. எதிரே மனிதர் இல்லாமல், திரையில் தோன்றும் கேள்விக்கு வரையறுத்த நேரத்துக்குள் பேச வேண்டும். முகங்களைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் சிலருக்கு இது எளிது. தலையசைப்பவர் ஒருவரும் இல்லை என்பதால் வேறு சிலருக்குக் கடினம். குறிப்பு அட்டைகளைக் கமராவுக்கு அருகே ஒட்டி வைத்துக்கொள்ளலாம் என்பது இதிலுள்ள வசதி.

வேலையைக் காட்டி வேலை பெறுதல்

பேச்சைவிடச் செயலால் தம்மைக் காட்ட வல்லோருக்கு ஜொப் சென்ரர் மூலம் வேறு வாயில்களும் உள்ளன. 'வேர்க் ட்ரயல்' என்பது, உதவித்தொகையை இழக்காமல் 30 வேலை நாட்கள் வரை ஒரு பணியைச் செய்து பார்க்கும் வாய்ப்பு. துறைசார் தொழிற்பயிற்சித் திட்டம் என்பது ஆறு வாரங்கள் வரை நீடிப்பது. பயிற்சி, பணியிட அனுபவம் ஆகியவற்றோடு, வெற்றிடம் உள்ள வேலைக்கான நேர்முகத் தேர்வொன்றும் அதில் அடங்கும். தேர்வு நாளில் விண்ணப்பதாரர் அங்கே புதியவராக இரார் என்பதே இதன் சிறப்பு.

வேலை கிடைக்காவிடில், காரணம் கேட்டு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புவது இந்நாட்டில் இயல்பானது. எந்தக் கேள்வியில் மதிப்பெண் குறைந்தது என்பதைப் பல குழுவினர் தொலைபேசியிலேயே கூறிவிடுவர். பதில் வராவிடில், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தம்மைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகளின் பிரதியைக் கோரலாம். கோவையில் வைக்கப்பட்டுள்ள நேர்முகத் தேர்வுக் குறிப்புகளும் பொதுவாக அதில் அடங்கும். பெரும்பாலும் கட்டணம் இல்லை. வழக்கமாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். முதல் வேலையாகச் செய்ய வேண்டியதோ இன்னும் எளிது: தேர்வு முடிந்த அன்றே, நினைவு மங்குமுன், கேட்கப்பட்ட கேள்விகள் யாவற்றையும், பேருந்தில் தோன்றிய பதில்களையும் சேர்த்து, ஒரு கொப்பியில் எழுதி வைத்தல். அடுத்த விண்ணப்பத்தின்போது அக்கேள்விகளிற் சில மீண்டும் வரும்.